சைரன் அன்ரி பேசாமல் இருந்த காலம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரை ரயிலைவிடப் பெரிய சத்தம் ஒன்று இருந்ததென்றால், அது சைரன் அன்ரியின் தொண்டைதான். அடுக்களையில் நின்று அவர் தன் கணவரை "இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டால், பக்கத்து ஊரான பாமன்கடையில் வேறு யாருடைய கணவரோ திரும்பிப் பார்ப்பார். அன்ரி வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்த நான் அலாரம் மணிக்கூடு வாங்கியதே இல்லை. ஒழுங்கையில் மற்றவர்கள் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுப்பார்கள். மீன்காரர் பெரிய றோட்டான காலி வீதியில் நின்றபடியே அவருடன் சிங்களத்தில் விலை பேசி முடித்துவிட்டுத்தான் எங்கள் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்புவார்.

அடுத்த வீட்டில் ஒரு டீச்சர். அவருடைய கணவர் பெரிய காய்ச்சலில் படுத்து எழும்பியிருந்தார். உடம்பு தேற நாளுக்கொரு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பின்வளவில் நின்ற சிவப்புக் கோழியும் அநேகமாக ஏமாற்றாமல் போட்டு வந்தது. திடீரென்று நிறுத்திவிட்டது. டீச்சர் கூட்டைக் கழுவினார், தீனியை மாற்றினார், பாம்பு வந்து முட்டை குடிக்கிறதோ என்று காவலிருந்தும் பார்த்தார். பலனில்லை. நோயாளியைப் பார்த்த களைப்பெல்லாம் சேர்ந்து ஒருநாள் மதிலுக்கு மேலால் வெடித்தது.

"உங்கட சத்தத்துக்குத்தான் என்ர கோழி பயந்து போச்சுது. அது இன்னும் உயிரோட நிக்கிறதே பெரிய காரியம்."

பதில் வரப்போகிறதென்று ஒழுங்கையே காதைப் பொத்தியது. சைரன் அன்ரியோ மெதுவாகச் சொன்னார்:

"சரி டீச்சர். அது முட்டை போடும்வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டன்."

பின்னேரம்வரை தாங்காது என்றோம். வாரக்கணக்கில் தாங்கியது. நான் நித்திரையால் எழும்பாமல் கந்தோர் வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன். மீன்காரர் காலி வீதியில் நின்று பார்த்துவிட்டுப் பம்பலப்பிட்டிப் பக்கம் போய்விட்டார். ஒருநாள் அம்மிக்குழவி உருண்டு அன்ரியின் காலில் விழுந்தது. வாய் திறந்தது, மூடியது, கண்ணால் நீர் வழிந்தது. சத்தம் வரவில்லை. முனிவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்கிடையில் அன்ரி தினமும் காலையில் மார்க்கெட்டில் வாங்கிய முட்டையொன்றை மதில்மேல் வைத்துவிட்டுப் போவார். டீச்சரும் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

பிறகு கோழி இறகு உதிர்க்கத் தொடங்கியது. பாதி உரித்த கோழிபோல நின்ற அதை மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினார் டீச்சர். பழைய இறகு கொட்டிப் புதிது முளைக்கும் காலம், சத்தெல்லாம் அதற்கே போய்விடும், முட்டை நிற்கத்தான் செய்யும், சத்தத்தில் பழியில்லை என்றார் அவர். டீச்சர் நேரே அன்ரியிடம் வந்தார்.

"பிழை என்னிலதான். வாய் திறந்து கதையுங்கோ."

அன்ரி தலையசைத்து மறுத்து, கோழியைக் கையால் காட்டினார். சொன்ன சொல் சொன்னதுதான்.

முதலில் உடைந்து போனவர் அன்ரியின் கணவர். கலியாணம் கட்டிய நாள் முதல் அமைதிக்கு ஏங்கிய மனிதர். கள்ளமாக ஒரு கடை முட்டையைக் கூட்டுக்குள் வைத்துவிட்டு, கோழி போட்டுவிட்டதென்று வந்து சொன்னார். அன்ரி போய்ப் பார்த்தார். அந்தக் கோழி போடுவது மண்ணிற முட்டை. கூட்டில் கிடந்ததோ பால் வெள்ளை. எடுத்து அடுத்த நாள் பங்காக மதில்மேல் வைத்தார். கணவர் என் அறை வாசலில் வந்து குந்தினார்.

"தம்பி, வீட்டில ஆக்களே இல்லாத மாதிரிக் கிடக்கு."

அதன்பிறகு ஒழுங்கை முழுவதும் அந்தக் கோழியைப் பராமரித்தது. ஒரு வீடு பிண்ணாக்குக் கொடுத்தது, ஒரு வீடு மீன் தலை அவித்துக் கொடுத்தது. நான் கடற்கரையில் சிப்பி பொறுக்கி இடித்துப் போட்டேன். மெல்ல மெல்லப் புது இறகு மூடிவர, கோழி கூட்டுக்குள் போய்க் குந்தத் தொடங்கியது.

ஒரு ஞாயிறு காலை டீச்சர் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, சூடாறாத மண்ணிற முட்டையை அன்ரியின் கையில் வைத்தார். அன்ரி அதைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார். பேச வாய் திறந்தார். கிடந்து துருப்பிடித்த தொண்டையிலிருந்து நூல்போல ஒரு குரல்தான் வந்தது.

"உங்கட அவருக்கு இப்ப எப்பிடி?"

டீச்சர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார்.

அந்தத் தொண்டை முழுதாகத் திரும்பச் சில நாட்கள் எடுத்தது. அதுவரை எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் யன்னல் சாத்திவிட்டுப் படுக்கவில்லை.