வெர்னாவின் படகில் எத்தனை ஓட்டை

தூண்டில் கம்பு சொருகும் குழல்களுக்காகப் படகின் விளிம்பில் நாலாவது ஓட்டையையும் போட்டு முடித்து, துளைக்கும் மெஷினைக் கீழே வைத்தபோதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அங்க ஓட்டை போடச் சொன்ன மடையன் யாரு?"

லோவெல் சேஸ் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டு ரேமண்ட். பல வருஷமாக அடுத்தடுத்த வீடு. இருவரும் இதுவரை பேசிக்கொண்டதெல்லாம் குப்பைத் தொட்டியைப் பற்றித்தான்.

"அரூடா சொன்னார்," என்றார் லோவெல், தனக்கே கேட்காத குரலில்.

"யாரு?"

"அரூடா. தூண்டில் கடையில உக்காந்திருப்பாரே."

"அதானே பார்த்தேன்! தூண்டிலை அவ்வளவு பின்னாடி நட்டா, மீன் இழுக்கிறப்போ தூண்டில் நரம்பு நேரா மோட்டார் விசிறியில போய்ச் சுத்திக்குமே. முன்னாடி தள்ளி வைங்க."

"அப்ப இந்த நாலு ஓட்டை?"

"அடைச்சுடுங்க. அதுக்கென்ன."

அதற்கென்ன என்று ரேமண்ட் சொல்லிவிட்டார். லோவெல் குளியலறையில் மிச்சமிருந்த பசையால் ஓட்டைகளை அடைத்தார். இரண்டே நாள் வெயிலில் அது அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. முன்னால் தள்ளி வைத்த குழல்களில் தூண்டில் கம்பைச் சொருகிவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால், கம்பின் அடிப்பாகம் காதுக்குள் வந்து நின்றது.

படகு அவருடையதில்லை. மனைவி வெர்னாவுடையது. கல்யாணத்துக்கு முன்பே வைத்திருந்தாள். வெயில் தொடங்கி, உடம்பெல்லாம் கறுப்புக் கோடு ஓடும் ஸ்ட்ரைப்பர் மீன்கள் மாசச்சூசெட்ஸ் கரைக்கு வந்துவிட்டால், வீட்டில் அவளைப் பார்க்க முடியாது. லோவெலுக்குக் கடல் ஆகாது. துறையில் நின்று கையசைத்தாலே குமட்டும்.

அவர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். காலம் முழுக்க ஊரார் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதினார். தான் ஒரு சொல் பேசவில்லை. பேசுவதற்கு வெர்னா இருந்தாள். பால்காரனிடம், டாக்டரிடம், டெலிபோனில், தேவாலயத்து வாசலில் எல்லாம் அவள்தான். லோவெல் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அப்படி ஒரு சௌகரியம்.

மார்ச் மாதம் அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக அவள் கேட்டது ஒன்றுதான்.

"என் சாம்பலை ஆத்து முகத்துவாரத்துல கரைக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி நீ ஒரு ஸ்ட்ரைப்பர் பிடிக்கணும். என் படகுல, உன் கையால."

"வெர்னா, எனக்கு மண்புழுவைத் தொடவே..."

"சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டார். அவள் இப்போது ஓர் அட்டைப் பெட்டிக்குள், சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலிக்கு நேராக இருந்தாள். கோடை வந்தும் அவர் ஜன்னல் திரைகளைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்திருக்காவிட்டால் வீட்டை விட்டே வெளியே வந்திருக்க மாட்டார்.

படகுத்துறைக்கு மேலே இருந்த தூண்டில் கடை ஜீனட் சூசாவுடையது. அந்த அம்மாளுக்கு வியாபாரமே தெரியவில்லை என்பது லோவெலின் முடிவு. தேவையானதையெல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம் என்று போனால், ஒரு சாமானை மட்டும் எடுத்து வைப்பாள்.

"இன்னிக்கு இது போதும். மத்ததுக்கு நாளைக்கு வாங்க."

"எல்லாம் அலமாரியில இருக்கே?"

"இருக்கட்டும். படகைத் தண்ணியில இறக்குறப்ப கூட யாரு இருப்பாங்க?"

"யாரும் வேண்டாம். நானே பார்த்துக்குவேன்."

"அப்ப நாளைக்கே வாங்க."

இப்படி அலைய விட்டதில்தான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அரூடாவிடம் மாட்டிக்கொண்டார். இழுவைப் படகில் உழைத்து ஓய்ந்த கிழவர். யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் நிறுத்தி விசாரிப்பார்.

"யோவ் கோர்ட்டு, என்ன அது கையில? மீன் காட்டுற கருவியா? அதை நீ மாட்டுனா கடல் பொறுக்காது. நானே வர்றேன்."

வந்தார், மாட்டினார், போனார். சாயங்காலம் லோவெல் சுவிட்சைப் போட்டார். படகு புல்தரையில் டிரெய்லர் மேல் நின்றிருந்தது. ஆழம் முப்பது அடி என்றது திரை. கீழே மூன்று பெரிய மீன்கள் சாவகாசமாக நீந்திப் போயின. லோவெல் எட்டிப் பார்த்தார். டிரெய்லர் சக்கரமும் காய்ந்த புல்லும்தான் இருந்தன.

"என் புல்தரையில மீன் இருக்குன்னு காட்டுது," என்றார் மறுநாள் கடையில்.

"எத்தனை?" என்றாள் ஜீனட்.

"மூணு."

"பெரிசா?"

"பெரிசுதான்."

"அப்ப விடுங்க. வீட்டு விலை ஏறும்."

லோவெல் அதை ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் அட்டைப் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்து, அந்த மூன்று மீன்களைப் பார்த்தார். ஒருநாள், "அங்க பாரு வெர்னா, பெரிசு," என்றுகூடச் சொல்லிவிட்டார். வேலிக்கு மேலே ரேமண்டின் தலை தெரிந்தது.

"அது கடையில காட்டுறதுக்காக ஓட விடுற பொய்ப் படம்," என்று ரேமண்ட் தாவி வந்து ஒரு பொத்தானை அழுத்தினார். "இப்ப சரியாப் போச்சு பாருங்க."

திரையில் ஒன்றுமே இல்லை. "ரொம்ப நன்றி," என்றார் லோவெல். உள்ளே போய் ஜன்னல் திரையை இன்னும் இழுத்து மூடினார். அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

விலாங்கு விஷயம் அதைவிட மோசம். ஸ்ட்ரைப்பருக்கு உயிர் விலாங்குதான் இரை. ஐஸில் வைத்தால் மயங்கிக் கிடக்கும் என்றார் அரூடா. செத்தே போகும், பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் விட்டு வையுங்கள் என்றார் ரேமண்ட். கிட்ட இருந்தவர் ரேமண்ட் என்பதால் அவர் பேச்சு ஜெயித்தது. விடிந்து பார்த்தால் தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

ஒன்று அடுப்புக்குப் பின்னால் கிடைத்தது. ஒன்று துணி துவைக்கும் அறையில். கடைசி ஒன்று வாசலோரம் வெர்னா கழற்றி வைத்த ரப்பர் பூட்ஸுக்குள் சுருண்டு கிடந்தது. அந்த பூட்ஸை அவர் அதுவரை தொடவில்லை. பாதத்தின் வளைவு அப்படியே அதில் இருந்தது. லோவெல் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சத்தம் கேட்டு ரேமண்ட் ஓடி வந்தார். ஐஸோடு அப்போதுதான் வந்து சேர்ந்த அரூடாவும் நுழைந்தார். ரேமண்ட் தபால்காரராக இருந்த காலத்தில் ஏதோ ஒரு கடிதம் தொலைந்த நாளிலிருந்து அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அழுகிற ஆளிடம் என்ன சொல்வதென்றும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"விலாங்கைப் பழந்துணியாலதான் பிடிக்கணும்," என்றார் அரூடா கடைசியில்.

"மணலைத் தொட்டுக்கிட்டுப் பிடிக்கணும்," என்றார் ரேமண்ட்.

"துணி."

"மணல்னா மணல்."

அன்று லோவெல் மூன்று காபிக் கோப்பைகளைக் கழுவ வேண்டியிருந்தது. மறுநாளும் கழுவினார். அதன்பிறகு ஒருவர் மாட்டியதை மற்றவர் கழற்றுவதும், ஒருவர் அடைத்த ஓட்டைக்குப் பக்கத்தில் மற்றவர் புதிதாக ஒன்று போடுவதுமாகக் கோடை ஓடியது. இந்த இம்சைக்கு ஒரு முடிவு வராதா என்று லோவெல் நொந்துகொண்டார். படகில் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்: எத்தனை மழை கொட்டினாலும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்பதில்லை. என்ன உறுதியான படகு!

அக்டோபர் வந்துவிட்டது.

"ஸ்ட்ரைப்பர் எல்லாம் தெற்க கிளம்பிருச்சு. இந்த வாரத்தோட சரி," என்றாள் ஜீனட்.

இந்த வாரத்தை விட்டால் வெர்னா குளிர்காலம் முழுக்க அந்த அட்டைப் பெட்டியிலேயே கிடக்க வேண்டும். அவளுக்கு அடைந்து கிடப்பது பிடிக்கவே பிடிக்காது.

"நாளைக்கே இறக்குறேன்."

"கூட யாரு?"

"அந்த ரெண்டு பேரும்தான்," என்றார் எரிச்சலாக. "நான் ஒண்ணும் கூப்பிடல. அவங்களா வர்றாங்க."

ஜீனட்டின் கை மேலங்கிப் பைக்குள் போனது. "கூப்பிடலையா?" என்றாள். கை வெறுமனே வெளியே வந்தது. "சரி, நானும் வந்து நிக்கிறேன்."

மறுநாள் காலை துறையில் அரூடா முதல் வேலையாக லோவெலின் சாப்பாட்டுப் பையைக் குடைந்து வாழைப்பழத்தைத் தூர எறிந்தார். "படகுல வாழைப்பழமா? அபசகுனம்! எல்லாரையும் சாகடிக்கப் பார்த்தியே கோர்ட்டு!" காரைப் பின்னோக்கி ஓட்டி டிரெய்லரை இறக்கும்போது லோவெல் இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போனது. துறையில் காத்திருந்தவர்கள் காபியோடு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவழியாகப் படகு தண்ணீரில் இறங்கியது. லோவெல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

அவருக்குக் குமட்டவில்லை. அதுவே பெரிய ஆச்சரியம். "வெர்னா, கிளம்பிட்டோம்," என்றார்.

அப்போதுதான் கணுக்கால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். காலுக்கடியில் தண்ணீர். ஏதோ தெறித்திருக்கும் என்று நினைப்பதற்குள் அது முழங்காலைத் தொட்டது. மோட்டாரின் கனத்தில் படகின் பின்பக்கம் கீழே போக, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. லோவெல் இருக்கை மேல் ஏறி, பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். இனிப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. பெட்டியை விட்டால் தான் பிழைக்கலாம். விடுவதாக இல்லை.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது.

"அரூடா! ரேமண்ட்! வாங்கய்யா, என்னால முடியல!"

வேடிக்கை பார்த்தவர்களின் காபி தளும்பியது. இரண்டு கிழவர்களும் பூட்ஸோடு, கோட்டோடு, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் குதித்தார்கள். ஒருவர் லோவெலின் இடுப்பைப் பிடித்தார், இன்னொருவர் பெட்டியைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு கயிறு கட்டி, திட்டிக்கொண்டே படகைக் கரைக்கு இழுத்தார்கள். அதன் பின்பக்கத்தில் அடியோரம் இருந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் குழாயைத் திறந்தது போலக் கொட்டியது. அவர்கள் போட்ட ஓட்டை இல்லை அது. மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கட்டும்போதே வைத்தது. தண்ணீரில் இறக்குமுன் திருகி அடைக்க வேண்டியது.

"ப்ளக் எங்கய்யா?" என்று கத்தினார் அரூடா.

"நீ போட்டிருப்பேன்னு நினைச்சேன்!"

"நான் நீ போட்டிருப்பேன்னு நினைச்சேன்!"

"எல்லாம் அந்த வாழைப்பழம்!" என்றார் அரூடா மறுபடி.

"அந்த ப்ளக்கை நான் ஒருநாளும் பார்த்ததே இல்லையே," என்றார் லோவெல். பல் கிட்டிப் போய், உடம்பெல்லாம் நடுங்க, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். அவர்கள் கை இன்னும் அவர் தோளை விடவில்லை. அவர் அழுதார். "இந்த வருஷம் போச்சு. ஒரு மீன்தான் கேட்டா. அதைக்கூட என்னால செய்ய முடியல."

ஜீனட் சரிவில் மெதுவாக இறங்கி வந்தாள். மேலங்கிப் பையிலிருந்து, வெர்னா தொப்பி பின்னும் சிவப்பு நூல் கட்டிய பித்தளை ப்ளக் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிப்ரவரியில வெர்னாவே கழட்டிக் கொண்டாந்து குடுத்தா, லோவெல். 'மீனெல்லாம் சும்மா ஒரு சாக்கு ஜீனட், அந்த மனுஷன் என்னைக்கு வாயைத் திறந்து ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரோ, அன்னிக்கு இதைக் குடு'ன்னு சொல்லிட்டுப் போனா."