குரலுக்கு ஒரு பெட்டி

"ஏட்டி சுந்தரி, இன்னொரு மட்டம் பாடு. பெட்டியிலே ஒரே இரைச்சலா கேக்கு" என்றார் நமச்சிவாயம்.

கோயில் ஆடித்தபசுத் திருவிழாவில் மகள் சண்முகசுந்தரி பாடப்போவதுதான் அவளுக்குக் கடைசிக் கச்சேரி. ஆவணியில் கல்யாணம். "கல்யாணத்துக்குப் பொறவு பாட்டுகீட்டெல்லாம் கிடையாது" என்று வாசுதேவநல்லூர்ச் சம்பந்திகள் வாயைத் திறக்கும் முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார் மனுஷன். தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் அல்லவா? மேலே இருப்பவர்கள் கேட்காததற்கும் சரி சொல்லியே பழகிய நாக்கு!

வாக்குக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் உறைத்தது. பெற்ற மகள் குரலை இனி எங்கே போய்க் கேட்பது? அதனால்தான் இந்த டேப் ரெக்கார்டர் தேடல்.

ரேடியோக் கடை முகம்மது மைதீன் முதலில் கொண்டுவந்தது கரண்ட் பெட்டி. பதிவு அருமை. ஆனால் கச்சேரி நடக்கும் கோயில் மண்டபத்தில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

அடுத்தது பேட்டரிப் பெட்டி. போட்டுக் கேட்டால், பேட்டரி இறங்க இறங்கச் சுந்தரி ஆம்பளைக் குரலில் பாடினாள்.

மூன்றாவது, சாவி கொடுத்துச் சுற்றவைக்கும் பெட்டி. இதுதான் சரி என்று முடிவான அன்று, கண்ணேறு படாமலிருக்க அவர் மனைவி காந்திமதியம்மாள், கோயில் புற்றுமண்ணைக் குழைத்து மைக்கில் பூசிவிட்டாள். இரைச்சல் அந்தப் புண்ணியத்தில் வந்ததுதான். வேறு மைக் வந்தது.

பெட்டி மாறினாலும் மைக் மாறினாலும் சுந்தரிதான் பாட வேண்டும்.

"அப்பா, தொண்டை கட்டுது."

"மிளகுப்பால் குடி. கச்சேரியன்னிக்கு உன் குரல் தெளிவா விழணும்லா? அதுக்குத்தானே இந்தப் பாடு. ம், பாடு."

கச்சேரியன்று பெட்டி பிசகே இல்லாமல் ஓடியது. குரல்தான் ஓடவில்லை. மேலே போகும் இடமெல்லாம் கீறல், அப்புறம் வெறும் காற்று. கண்ணில் நீர் முட்ட எப்படியோ பாடி முடித்தாள் சுந்தரி. நமச்சிவாயத்துக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, பாவி மனுஷன்.

ஒரே ஆறுதல், வழியில் பஸ் பழுதாகிச் சம்பந்திகள் கச்சேரி முடிந்த பிறகே வந்து சேர்ந்தார்கள்.

"அடடா, கேக்கக் குடுத்து வைக்கலையே" என்று அங்கலாய்த்தாள் மாப்பிள்ளையின் தாயார் சுப்புலட்சுமி.

"ஏன் குடுத்து வைக்கல? இங்கன உக்காருங்கம்மா" என்று பெட்டிக்குச் சாவி கொடுத்தார் மைதீன்.

"பாய், வேண்டாம் வே! நிறுத்தும்!" என்று பதறினார் நமச்சிவாயம்.

"சும்மா இருங்க அண்ணாச்சி. ஒரு மூச்சு விடாம அப்படியே பிடிச்சிருக்கு பாருங்க!"

பிடித்துத்தான் இருந்தது. ஒவ்வொரு கீறலும் கணீரென்று கேட்டது. சுந்தரி எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சுப்புலட்சுமி பாட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு இரக்கத்தோடு நமச்சிவாயத்தைப் பார்த்தாள்.

"பாடுத மருமக வேணும்னுதான் அண்ணாச்சி உங்க வீடு தேடி வந்தோம். இனிமே பாடமாட்டான்னு நீங்க சொன்னதும் எங்களுக்குப் பெரிய வருத்தம். ஏன் சொன்னீங்கன்னு இப்பல்லா தெரியுது."