'இட்லி' சொரிமுத்துவால் வெளுத்துப்போன அழைப்பிதழ்

தாராவி,
வெள்ளிக்கிழமை

கோபர்கைரனேயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தங்கை மகன் மாரிசெல்வத்துக்கு, மாமா நம்பிராஜன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஒத்துழைக்கவில்லை.

என் மகள் கீதா கல்யாணத்துக்கு நீ செய்து கொடுத்த இணைய அழைப்பிதழ் அழகாகத்தான் திறந்துகொண்டிருந்தது. வரவேற்பவர் வரிசையில் உன் அத்தையின் தம்பி பெயரை, நம்மவர் போஸ்டரில் போடுவதுபோல் பட்டத்துக்கு இரு பக்கமும் மேற்கோள் குறி வைத்து, 'இட்லி' சொரிமுத்து என்று சேர்த்தேன். பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. விக்ரோலி சம்பந்தி போன் போட்டு, "பொண்ணு பேரையும் காணோம், மாப்ள பேரையும் காணோம். மனசு ஏதும் மாறிட்டீங்களா சம்மந்தி?" என்று கேட்டுவிட்டார். உன் அத்தை அழுகையை ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டு பரீஹா கம்ப்யூட்டர் படிக்கிறவள், வந்து பார்த்தாள். உன் சர்வர், பெயரை இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகளுக்கு நடுவே வைத்து பிரவுசருக்கு ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புகிறதாம். இட்லிக்கு முன் நான் போட்ட குறியைக் கண்டதும், பெயர் முடிந்தது என்று பிரவுசர் எண்ணிவிடுகிறது. லோக்கல் ரயிலில் சயான் ஸ்டேஷனில் ஒருவன் எழுந்து நின்றதற்கே தாதர் வந்துவிட்டதென்று பெட்டியே இறங்கிவிடுவதுபோல. அப்புறம் வரும் இட்லியைக் கட்டளை என்று நினைத்து, ஒன்றும் புரியாமல் வேலையை நிறுத்திவிடுகிறது.

குறியை எடுத்துவிடலாமா என்று சொரிமுத்துவிடம் கேட்டேன். "எடுத்துக்கிடுங்க அத்தான். வெறும் சொரிமுத்து இந்தச் சந்துலயே நாலு பேரு இருக்கான். அவனுவள்ல எவனாவது தாய்மாமன் சீரத் தூக்கிட்டு வரட்டும்" என்றார். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை எப்படி மேடையேற்றுவது?

பரீஹா சொன்னபடி ஒவ்வொரு குறிக்கு முன்னாலும் ஒரு சாய்கோடு போட்டேன். குறியும் பெயரில் சேர்ந்ததுதான் என்று அது பிரவுசருக்குச் சொல்லுமாம், பிரவுசர் கோட்டை விழுங்கிவிட்டுக் குறியை மட்டும் காட்டுமாம். பக்கம் திறந்தது, சம்பந்தி சிரித்தார். ஆனால் அதே பட்டியலை அச்சகத்துக்கும் அனுப்பித் தொலைத்தேன். அங்கே கோட்டை விழுங்க பிரவுசர் ஏது? \'இட்லி\' சொரிமுத்து என்று தங்க எழுத்தில் அச்சாகிவிட்டது. பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டதாக அவர் நினைத்தால் என்ன செய்வேன்? கார்டு வாங்க இப்போது வந்துகொண்டிருக்கிறார்.

ஆகவே மாப்ளே, பட்டியலில் பெயர் பெயராகவே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் எழுதும் நேரத்தில் மட்டும் சாய்கோட்டை உன் சர்வரே போட்டுக்கொள்ளட்டும். இன்றே திருத்திவிடு, கார்டை நான் மறுபடி அடிக்கச் சொல்கிறேன்.

மாரீஸ்வரிக்கும் குழந்தைக்கும் எங்கள் அன்பு. நீங்கள் எல்லோரும் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா நம்பிராஜன்

பி.கு.: மேலே சொன்ன எதையும் திருத்தாதே. சொரிமுத்து கார்டைத் தடவிப் பார்த்து, "யாருக்கும் இல்லாத கோடு எனக்கு மட்டும் போட்டிருக்கீயளே அத்தான்" என்று பெருமையில் கண்கலங்கிவிட்டார். அப்புறம் போனில் பக்கத்தைத் திறந்தார். இதில் கோடு எங்கே என்கிறார். அது தெரிந்தால்தான் சீர் வருமாம்.