வாழை மரத்தோரம் நின்ற சீலை

“அதே மாதிரிச் சீலை எங்கிட்டயும் ஒண்ணு இருக்குது” என்று சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று சௌந்திரத்துக்கே உறைத்தது.

எண்பத்திரண்டாம் வருடம், குமாரபாளையத்தில் அந்தத் தெருவுக்கு வந்த முதல் கலர் ஆல்பம் அது. தெய்வநாயகி தன் தம்பி கல்யாணத்து ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, தான் இருக்கும் பக்கங்களை மட்டும் மெதுவாகப் புரட்டினாள். ஒரு படத்தில் பந்தல் வாழை மரத்தோரம் நின்றிருந்தாள். பிளெயின் பட்டு, ஓரத்தில் விரலளவு சரிகை, அவ்வளவுதான். ஆனால் நிறம்! அரக்கு என்றால் அரக்கில்லை, மாதுளை என்றால் மாதுளையில்லை, ஊதிவிட்ட தணல் மாதிரி கனன்றது. பார்த்த பெண்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். சௌந்திரமும் வாயைத் திறந்தாள். அந்தப் பொய் வெளியே வந்துவிட்டது.

“அட, அப்படியா?” என்றாள் காளியாத்தாள். அவள் மகளுக்கு வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். “அப்ப ரெண்டு பேரும் அதே சீலையக் கட்டிக்கிட்டு வாங்க சாமி. வாசல்ல ஆளுக்கொரு பக்கமா நின்னு வர்ற ஒறம்பரைய வாங்கன்னு கூப்புடுங்க. ஜோடியா ஒரு போட்டோ புடிச்சரலாம்.”

“அதுக்கென்னுங்க பெரியம்மா, வந்தாப் போச்சு” என்றாள் தெய்வநாயகி. குரலில் அத்தனை உற்சாகமில்லை. பொறாமை என்று எடுத்துக்கொண்டாள் சௌந்திரம்.

சந்தோஷம் வீடு வந்து சேரும்வரைகூட நிற்கவில்லை. போன வருடம் வீட்டுக்கு பிரிட்ஜ் வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லி, அது வராமலே போனதில், முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பேரே ‘பிரிட்ஜுக்காரி’. சீலையும் இல்லையென்றால், அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

“எங்க ஊட்டுக்காரரு மொகமும் ஓரத்துல தெரியுதுக்கா, காட்டிட்டுத் தாரேன்” என்று படத்தை வாங்கி வந்திருந்தாள். தெரிந்தது முகமல்ல, முழங்கை.

கணவன் சென்னிமலை தன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டான். “இல்லாத சீலைய எதுக்குப் புள்ள இருக்குதுன்னு சொன்ன?”

“இருந்திருந்தா எதுக்குங்க சொல்றேன்? எடுத்தே காட்டியிருப்பனே!”

மறுநாள் இருவரும் சேலத்துக்கு பஸ் ஏறினார்கள். ஜவுளிக்கடை டியூப்லைட்டுக்கு அடியில் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சீலையாக ஒட்டிப் பார்த்தாள். ஒன்று அச்சாகப் பொருந்தியது. வீட்டு வாசல் வெயிலில் பிரித்தால், அது கத்தரிக்காய்.

“கடையில நல்லாத்தானுங்க இருந்துச்சு!”

“அப்ப நிச்சயதார்த்தத்தைக் கடையில வைக்கச் சொல்லு.”

மறுபடியும் பஸ். இந்த முறை கடைக்காரரையே தெருவுக்கு இழுத்து வந்து, உச்சி வெயிலில் ஒட்டிப் பார்த்து, வேறொன்று மாற்றிக்கொண்டாள். பொழுது சாய்ந்து வீட்டில் குண்டு பல்பைப் போட்டதும் அது துருப்பிடித்த தகரமானது. பார்த்தால், படமும் மாறியிருந்தது. காலையில் மாதுளை, மத்தியானம் அரக்கு, இப்போது வெல்லப்பாகு. எதோடு எதை ஒட்டிப் பார்ப்பது?

படம் பிடித்த வெங்கடாசலத்தின் ஸ்டுடியோவுக்கு ஓடினாள்.

“அக்கா, பந்தல்ல பூராவும் மஞ்ச பல்பு. பக்கத்துல பச்சைப் பசேல்னு வாழை மரம். பச்சைக்குப் பக்கத்துல நின்னா மங்கின சீலைகூடச் செவந்துதான் தெரியும். பிரிண்டு போட்ட மெட்ராஸ்காரனும் அவன் பங்குக்குக் கொஞ்சம் சேத்துட்டான். அந்தச் சீலை நெசத்துல இந்த நெறமே இல்லீங்க.”

“பின்ன என்ன நெறம்?”

“எனக்கெப்படிங்க தெரியும்? நான் அந்தக் கல்யாணத்தையே ஒத்தைக் கண்ணுலதான பாத்தேன்!”

வெட்கத்தை விட்டு தெய்வநாயகியிடமே போனாள். “சீலைய ஒருக்கா எடுங்கக்கா, சரிகை எப்படின்னு பாக்கலாம்.”

“பொட்டிக்கு அடியில கெடக்குது சௌந்திரம். நீ உன்னுதைக் கொண்டா, பாக்கலாம்.”

“என்னுதும் பொட்டிக்கு அடியிலதானுங்க கெடக்குது.”

இரண்டு பேரும் தேவைக்கு மேலேயே சிரித்தார்கள்.

கடைசியில் துருப்பிடித்த சீலையைச் சாயப்பட்டறை தீர்த்தகிரியிடம் கொண்டுபோனாள். “படத்தை வாழை இலை மேல வச்சுப் பாத்துக் கலக்குங்கண்ணா” என்றாள், ஸ்டுடியோவில் கற்றது வீணாகக் கூடாதென்று. அவரும் அப்படியே கலக்கினார். தொட்டியிலிருந்து ஈரமாகத் தூக்கியபோது தணலேதான். காய்ந்த பிறகு பாதி ஈரல், பாதி களிமண். சரிகை கறுத்து, சீலை பாவாடை உயரத்துக்குச் சுருங்கிவிட்டது. இனி எந்தக் கடைக்காரரும் அதைத் திருப்பி எடுக்க மாட்டார்.

“போட்டோவுல வந்தா நல்லாத்தான் இருக்கும் அம்முணி” என்றார் தீர்த்தகிரி. “நீ மட்டும் வாழை மரத்தைவிட்டு நகந்துராத.”

வியாழக்கிழமை மத்தியானம் சௌந்திரம் நெற்றியில் சுக்குப் பற்றைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சுருண்டாள். தனக்குக் காய்ச்சல் என்று தெருவெல்லாம் சொல்லிவர சென்னிமலையை அனுப்பினாள். அவன் திரும்புவதற்குள் காளியாத்தாளே வந்துவிட்டாள்.

“காச்சலோட வந்தாலும் சீலையோட வந்துரு சாமி. மாப்பிள்ளை ஊட்டுல வரைக்கும் சொல்லிப்போட்டேன்.”

அவள் போனதும் பின்வாசலில் லாண்டரி அங்கமுத்து தலையை நீட்டினார். வழக்கமாக அழுக்குத் துணி எடுக்க வருகிறவர். கட்டில் மேல் கிடந்த போட்டோவைப் பார்த்தார், பற்றுப் போட்ட நெற்றியைப் பார்த்தார், பிடரியைச் சொறிந்தார்.

“கோவிச்சுக்காதீங்கக்கா… வைகாசியில எங்கடைக்குப் போட்டீங்களே, உங்களுக்குப் புடிக்காத அந்தச் செங்கல்லு நெறப் பட்டு, அதைய இன்னைக்கு ஒருக்கா தேய்க்கப் போடுங்க, இந்தப் போட்டோவுக்குக் கட்டிக்கிட்டுப் போன மாதிரியே நாளைக்கும் ஒரு பொழுதுக்கு அதுதான் வாடகைக்கு வேணும்னு தெய்வநாயகியக்கா கடை வாசல்லயே உக்காந்திருக்கறாங்க!”