மறக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது

மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலுமாக மருதகிரி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டின் ஒரே மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத வஞ்சி என்ற பெண், நுழைவுத் தேர்வு மதிப்பெண்களை யாரோ திருத்திவிட்டார்கள் என்று வழக்குப் போட்டாள். “விசாரணை முடியும்வரை கல்லூரியின் மின்னணுப் பதிவுகளில் எதையும் மாற்றக் கூடாது. அப்படியே பாதுகாக்க வேண்டும்” என்று நீதிபதி உத்தரவிட்டார்.

அந்தப் பதிவுகள் இருந்த கல்லூரி சர்வரைப் பார்த்துக்கொண்டவள் நப்பின்னை. உத்தரவு வந்ததும் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். முப்பத்தொன்பது பேரின் மதிப்பெண்கள் திருத்தப்பட்டிருந்தன. யாருடைய கடவுச்சொல்லில் என்பதும் தெரிந்தது. நகல் எடுத்து நீதிமன்றத்தில் ஒப்படைக்கலாம் என்று உட்கார்ந்தபோது பதிவுக்காப்பு அமைச்சர் வந்து சேர்ந்தார். அந்தத் துறையே அன்று காலையில்தான் பிறந்திருந்தது.

“நகலா? ஒன்று இருந்த இடத்தில் இரண்டு இருந்தால் அது மாற்றமல்லவா, அம்மணி?”

அவர் சொல்வதும் சரிதானோ என்று நப்பின்னைக்குத் தோன்றியது. கையை எடுத்துக்கொண்டாள்.

மறுவாரம் அமைச்சர் அடுத்த ஆணையோடு வந்தார். சர்வர் ஓடினால் புதுப் பதிவுகள் சேர்கின்றன, அதுவும் மாற்றம்தான், ஆகவே அணைக்க வேண்டும்.

“ஐயா, ஆஸ்பத்திரிக்கும் இதே சர்வர்தான். யாருக்கு என்ன மருந்துன்னு டாக்டருங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நோயையும் தீர்ப்பு வரும்வரை அப்படியே பாதுகாக்கச் சொல்லுங்கள்.”

நோயாளிகள் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி வீட்டையே கவிழ்த்தார்கள். படித்து முடித்தவர்கள் சான்றிதழ் கிடைக்காமல் திண்டாடினார்கள். எல்லோரும் சேர்ந்து வஞ்சியைத் திட்டினார்கள். அமைச்சரின் ஆட்கள் சர்வர் அறையின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, முன்னால் அணிவகுப்பு மரியாதையும் நடத்தினார்கள்.

வழக்கு நாளில் நீதிபதி பதிவுகளைக் கேட்டார்.

“திறந்தால் பாதுகாப்புக் கெடும். தங்கள் உத்தரவை மீறச் சொல்கிறீர்களா, கனம் நீதிபதி அவர்களே?” என்றார் அமைச்சர்.

நீதிபதி தம் உத்தரவையே இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

நப்பின்னை எழுந்தாள். “அணைக்கறதுக்கு முன்னாடி நான் படிச்சிருக்கேன் ஐயா. எல்லாம் ஞாபகம் இருக்கு.”

“அது நகல்! சொன்னால் நகலெடுப்புக் குற்றம்” என்று அலறினார் அமைச்சர்.

“அப்போ மறந்துடணுமா?”

“மறந்தால் பதிவழிப்புக் குற்றம்!”

நப்பின்னை இரண்டில் எது சின்னக் குற்றம் என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. வஞ்சியின் முகத்தைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது. முப்பத்தொன்பது பெயர்களையும், திருத்தியவரின் பெயரையும் சொல்லி முடித்தாள். நிரம்பி வழிந்த நீதிமன்றம் மூச்சுவிடாமல் கேட்டது.

அவளை அரசு விருந்தினர் மாளிகையில் வைத்துப் பூட்டினார்கள். அவள் சொன்னதைக் கேட்டவர்களை என்ன செய்வது என்று அமைச்சரவை மூன்று நாள் கூடியது. நான்காம் நாள் அறிவிப்பு வந்தது: எதையும் கேட்கவில்லை என்று கையெழுத்திடுவோருக்கே வாக்குரிமை, மருந்து, சான்றிதழ்.

கையெழுத்திட்டவர்களின் பட்டியல் வெளியான அன்று வஞ்சி ஒரு பிரதியோடு மாளிகையின் ஜன்னலுக்கு வந்தாள். கட்டு அவ்வளவு கனமாக இருந்ததால் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

“இத்தனை பேரா? கோர்ட்டே நிறைஞ்சிருந்துதே!” என்றாள் நப்பின்னை.

“முதல் பக்கத்துலயே நீதிபதி பேரு இருக்கு, அக்கா.”

நப்பின்னை கம்பி வழியே எட்டி அந்தப் பெயரைப் படித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். “உன் பேரு?”

“தேடிப் பாருங்க” என்று கட்டை ஜன்னல் கம்பியருகே உயர்த்திப் பிடித்தாள் வஞ்சி. “கிடைக்காது.”