மகளின் செங்கற்களைத் தின்றவள்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் கையில் சிவப்பு மார்க்கர் பேனா கிடைக்கக் கூடாது. நான் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்ப்பவள். லேபிள் இல்லாத பெட்டியைக் கண்டால் கை நமநமக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. பல்கலைக்கழகத்தில் உறைபெட்டி பழுதென்று, விடுமுறைக்கு வந்த மகள் கவிதா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எங்கள் ஃபிரிட்ஜில் வைத்தாள். உள்ளே மஞ்சள் திட்டு விழுந்த நாலே நாலு பயத்தங்கொடி இலைகள்.

"இதுல வைரஸ் இருக்கும்மா. செடிக்குத்தான் நோவு, நமக்கு ஒண்ணும் ஆகாது. எல்லா வைரஸும் ஒரே அளவு, ஒரே வடிவம், செங்கல் மாதிரி! அது மேல தங்கத் துகள ஒட்டி, அடுக்கி, கண்ணுக்கே தெரியாத சாமான் கட்டலாம்!"

எனக்குப் புல்லரித்தது. (பயத்திலா, பெருமையிலா என்று இன்றுவரை தெரியவில்லை.)

திரும்பிப் போனவள் டப்பாவை மறந்துவிட்டாள். போனில் அழுதாள். "ஐஸ் பெட்டில வச்சு, ஐஸ் கரையறதுக்குள்ள நீ கொண்டு வரலன்னா என் ஆய்வு போச்சும்மா!"

டப்பாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, மேலே மலாய் மொழியில் கொட்டை எழுத்தில் 'கவனம்! வைரஸ்!' என்று எழுதி, புலாவ் செபாங் ஸ்டேஷனில் கோலாலம்பூர் ரயில் ஏறினேன். பக்கத்து மாநிலப் பன்றிப் பண்ணைகளில் புது வைரஸ் பரவி ஊரே நடுங்கிய நேரம். (அதனால்தானே அத்தனை பெரிதாக எழுதினேன்!)

எதிரில் இருந்தவர் படித்தார். அடுத்த நிமிடம் ரயில் பெட்டியில் நானும் மின்விசிறியும்தான். டிக்கெட் பரிசோதகர் வாசலைத் தாண்டி வரவில்லை.

"அக்கா, அடுத்த ஸ்டேஷன்ல எறங்குங்க லா!"

"தம்பி, இது செங்கல்!"

"வைரஸ்னு போட்டிருக்கு?"

"வைரஸ்தான்! ஆனா செங்கல்!"

"ஆபத்து இல்லன்னு எப்படி நம்புறது?"

இறக்கிவிட்டால் ஐஸ் கரையும், மகளின் ஆய்வு போகும். எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "இந்தா, பாரு!" என்று ஒரு இலையை எடுத்து மென்றேன். பல் கூசியது. அவர் முகம் இன்னும் தெளியவில்லை. இன்னொன்றும் தின்றேன். பிறகு இன்னொன்று.

"போதும்க்கா, உக்காருங்க!" என்று அவர் கும்பிட்டேவிட்டார்.

வெற்றி! கோலாலம்பூரில் இறங்கி, ராணி மாதிரி பெட்டியை நீட்டினேன். கவிதா மூடியைத் திறந்தாள்.

"அம்மா... மத்த எல எல்லாம் எங்க?"

மிஞ்சிய ஒற்றை இலையை அரைத்து, புதுச் செடிகளில் தேய்த்து, வைரஸை மறுபடி வளர்த்து, மூச்சுத் திணறித்தான் ஆய்வை முடித்தாள். நான் ஒரு வாரம் கண்ணாடி முன் நாக்கை நீட்டி மஞ்சள் திட்டு தேடினேன்.

பட்டம் வாங்கிவிட்டாள். ஆனால் இன்றும் என் வயிறு லேசாக இரைந்தால் போதும், சாப்பாட்டு மேசையில் கவிதா உதட்டில் விரல் வைத்துவிடுவாள்.

"உஷ்! அம்மாவுக்குள்ள அடுத்த மாடி எழும்புது லா!"