இசாமுவின் மாலைநேரச் சங்கம்

கமினோயு ஊரின் இரவு வாழ்க்கையைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் தன் தலைமேல் இறங்கியிருப்பதாக இசாமு மனைவியிடம் அடிக்கடி சொல்வார். வெந்நீர் ஊற்றில் குளிக்க வருகிற விருந்தாளிகள் விடுதியிலேயே மீனும் சோறும் தின்றுவிட்டு, விளக்கு வைத்ததும் படுத்துவிடுகிறார்கள். தெருவில் ஒரு மரச்செருப்புச் சத்தம் கிடையாது. இப்படியே போனால் ஊர் என்ன ஆவது? ஆகவே தினமும் சாயங்காலம் வியாபாரிகள் சங்கத்தில் ஆலோசனைக் கூட்டம்.

சங்கம் கூடிய இடம் ஃபுசகோவின் மதுக்கடை. கூடியவர் இசாமு ஒருவர் மட்டும். மைக்கைப் பிடித்து அவர் அங்கே பாடியது எதுவும் சங்கப் பாடல் அல்ல. கொஞ்சம் காதல், நிறைய ஷோச்சுச் சாராயம். அவர் பெயர் எழுதிய புட்டி ஒன்று அலமாரியில் நிரந்தரமாகக் குடியிருந்தது.

மனைவி நொபுயே ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அதைப் பதிபக்தி என்று இசாமு நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாலை கடைத் திரையை விலக்கி நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மது ஊற்றித் தரும் மேசைக்குப் பின்னால், ஊதாக் கிமோனோவும் உதட்டுச் சாயமுமாக நொபுயே.

"வாங்க. சூடா ஊத்தட்டுமா?"

"நீ இங்க என்ன பண்றே?"

ஃபுசகோவுக்கு இடுப்புப் பிடிப்பாம். கடை மூடிக்கிடந்தால் ஊர் இருண்டுபோகுமே என்று நொபுயே தானாகவே போய்ப் பொறுப்பேற்றுக்கொண்டாளாம்.

"நீங்க ஒருத்தரே எத்தனை நாளைக்குத்தான் பாடுபடுவீங்க?" என்றாள்.

அதைவிடக் கொடுமை, கடை நிரம்பி வழிந்தது. குளியல் அங்கியோடு விருந்தாளிகள் வந்து குவிந்தார்கள். இசாமு தன் சொந்தச் சொத்தாக நினைத்திருந்த பாட்டை நொபுயே பாட, கைதட்டல் அடங்கவில்லை. அவருடைய புட்டியிலிருந்து ஊருக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கு மட்டும் பார்லி டீ.

"அது என் புட்டி."

"ஊருக்காக உசிரையே குடுப்பேன்னீங்க. இது வெறும் புட்டிதானே."

பஸ் ஓட்டுகிற ஹிதகா திரும்பிப் பார்த்தார். "இவங்களை இத்தனை நாள் வீட்டுக்குள்ள வெச்சிருந்தீங்களே, நியாயமாங்க?"

வீட்டிலோ தினமும் ஆறிப்போன டோஃபு. ஒரு வாரம் பல்லைக் கடித்துப் பார்த்தார். பிறகு ஒரு மாலை, பாடிக்கொண்டிருந்த விருந்தாளி ஒருவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். தன்னை மதிக்காத இந்தக் கடைவாசலை இனி ஆயுளுக்கும் மிதிக்கப்போவதில்லை என்று சபதம் போட்டார். மைக் என்பதால் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது.

மறுநாள் சாயங்காலம் கோபம் குறையாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நொபுயே கிளம்பவில்லை. அடுப்படியில் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள்.

"கடைக்குப் போகலையா?"

"ஃபுசகோ அக்காவுக்கு இடுப்பு சரியாப் போச்சு. இன்னிலேருந்து அவங்களே பாத்துக்குவாங்க."

இசாமுவின் முகம் மலர்ந்தது. கை தானாக மேல்கோட்டை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. அக்கரை வரைக்கும் கேட்ட சபதமாயிற்றே.

நொபுயே எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று உதட்டுச் சாயம் பூசினாள்.

"வேலைதான் முடிஞ்சதே, இப்ப எங்கே?"

"வேலைக்கு இல்லீங்க. மைக்கைப் பிடிச்சுப் பழகிடுச்சு, விட மனசு வரல. மீதி முள்ளங்கியைச் சீவி வெச்சிடுங்க, நான் ரெண்டு பாட்டு பாடிட்டு வந்துடறேன்."